பல்தடம்

இனோங்கேயின் அலைபேசி உறையில்
இரண்டு வரிசைப் பல்தடம்.
கையிரண்டும் பிள்ளையை ஏந்த வேண்டும்,
வெளிச்சத்தை வாய்தான் கவ்வ வேண்டும்.
பதினோரு வருடம்
'முக்கு' என்றுகூடச் சொல்ல முடியாமல்
மூக்கால் முனகியே பிரசவம் பார்த்தவள்.

சாம்பெசி வெள்ளம் வடிந்த மாதம்
தோணியில் வந்தன நான்கு சூரியத் தகடுகள்,
கூடவே ஒரு கோப்பு:
இலக்கு மூன்று, இலக்கு ஏழு.
கொண்டுவந்தவன் கையெழுத்து கேட்டான்.
அவள் கேட்டாள்,
மழைநாளில் எத்தனை மணி நேரம் எரியும்?

அன்றிரவே நமூகோலோவுக்கு வலி.
விளக்கைப் போட்டதும்
முதலில் தெரிந்தது பிள்ளையின் தலையல்ல.
சுவரில் பழைய கறை.
உதிரம் நிறுத்தும் ஊசி
இரண்டே இரண்டு கிடந்த தட்டு.
இருட்டு இத்தனை நாள்
மறைத்துவைத்திருந்த கடன்.

பிறகு, வாய் காலியாக இருந்ததால்,
'முக்கு, அம்மா, முக்கு' என்றாள்.
தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது.

பிள்ளைக்கு லிசெலி என்று பெயர் வைத்தார்கள்,
வெளிச்சம் என்று பொருள்.
இந்த மாதம் இது நான்காவது லிசெலி.
சிரித்துக்கொண்டே பேரேட்டில் எழுதினாள்.
அடியில், அதே மையில்,
ஊசி கையிருப்பு: ஒன்று.