விசாரிக்க ஓர் இலக்கம்

பேஸ்மென்டுக்கு ஆள் தேடி
குசினி மேசையில் ஆறு விண்ணப்பம்.
ஹீட்டர் காற்றுக்குப் பறக்காமல்
மேலே உப்புப் போத்தல்.
ஸ்காபரோவில் பெப்ரவரி.
வங்கிக்காரன் புது வட்டியைச் சொன்னதிலிருந்து
இந்த வீட்டில் எல்லோரும்
லைட்டை அணைத்துக்கொண்டே நடக்கிறோம்.

முதலாவது, எண்ணூற்றுப் பன்னிரண்டு.
கிரெடிட் ஸ்கோரைச் சொல்கிறேன்,
பெயர் பிறகுதான் ஞாபகம் வரும். கிளெமென்ட்.
சப்பாத்தைக் கழற்றாமல் படியிறங்கினான்,
சுவரைத் தட்டிப் பார்த்தான்,
மேலே மீன் பொரித்தால் மணம் கீழே வருமோ என்றான்.
வரும் என்றேன்.

இரண்டாவது, படிக்க வந்த பெடியன்.
விண்ணப்பத்தில் ஒருவன்தான்.
மற்ற மூவரும் தெருவில் நின்ற காருக்குள்
தலையைக் குனிந்து இருந்தார்கள்.
கண்ணாடி முழுக்க மூச்சு.

மூன்றாவது, பவப்பிரியா.
ஒரு மகள், நாலரை வயது.
சம்பளத் துண்டு இரண்டு, இரண்டும் வேறு வேறு இடம்.
ஸ்கோர் சொல்லும்படி இல்லை.
ஏன் இருக்கிற வீட்டை விடுகிறாள் என்று கேட்டேன்.
"அங்க கதவு பூட்டாது அக்கா" என்றாள்.
பழுது பூட்டிலா, ஆளிலா என்று
நான் மேலே கேட்கவில்லை.
பிள்ளை ஃப்ரிட்ஜைத் திறந்து
"இது எங்கடயா?" என்றது.
அவள் அதன் வாயைப் பொத்தினாள்.

மிச்ச மூன்று பேரும் வருகிறோம் என்றார்கள்.
வரவில்லை.

முந்தின வீட்டுக்காரரை விசாரிக்க
ஓர் இலக்கம் எழுதியிருந்தாள் பவப்பிரியா.
ஏழு ஒன்றுபோல இருந்தது, ஒன்று ஏழுபோல.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழுத்தப் போன நேரம்
என் போன் அடித்தது.

ஏஜாக்ஸிலிருந்து சொர்ணலிங்கமாம்.
"உங்கட பேஸ்மென்டில இருந்த மயூரதன்
எங்கட இடத்துக்குக் கேட்டிருக்கிறார்.
ஆள் எப்பிடி?"

ஆள் எப்பிடி.
டிசம்பர் வாடகை ஜனவரி முடிவில் வந்தது.
ஜனவரி வாடகை வரவேயில்லை.
அடுப்பின் வலதுபக்கச் சுருள் அவன் எரித்தது.
இரவு ஒரு மணிக்கு யாரோடோ போனில் அழுவான்,
காற்றுக் குழாய் வழியே என் கட்டிலுக்குக் கேட்கும்.
எனக்குக் காலை ஐந்தரைக்கு ஷிஃப்ட்.
கதவைத் திறந்தால்
கார் மட்டும் பனி அள்ளி
உப்பும் தூவியிருக்கும்.
தான் செய்ததென்று ஒருநாளும் சொன்னதில்லை.
வாடகை பிந்திய மாதங்களில்
பாதை இன்னும் அகலமாக இருக்கும்.

"ஹலோ, இருக்கிறீங்களோ?"

இருக்கிறேன்.

"வாடகை ஒழுங்கோ?"
"பிந்தும்" என்றேன். "சொல்லிப்போட்டுத்தான் பிந்துவார்."
அது பாதிப் பொய்.
"வேற பிரச்சினை?"
"அடுப்பை ஒருக்கால் காட்டிக் குடுங்கோ."
அவர் எதையோ எழுதுவது கேட்டது.
பேனை நின்றது.
"திரும்பக் கேட்டா, உங்கட வீட்டில விடுவீங்களோ?"

அந்தக் கேள்வி என் தாளிலும் இருக்கிறது.
கடைசிக் கேள்வி.
நானே இரண்டுதரம் அடிக்கோடிட்டது.

யன்னலுக்கு வெளியே
என் சவளின் அகலத்துக்கு ஒரு பாதை,
பாதியில் களைத்து நிற்கிறது.

"உங்கட டிரைவ்வே நீளமோ?" என்று கேட்டேன்.
அவருக்கு விளங்கவில்லை.
"ஓம், மூண்டு கார் நிக்கும். ஏன்?"
"அப்ப குடுங்கோ."

போனை வைத்தபின்
தேத்தண்ணி ஆறிவிட்டிருந்தது.
அதையே குடித்தேன்.
உப்புப் போத்தலைத் தூக்கி
மூன்றாவது தாளை இழுத்து
ஏழு என்று நினைத்ததை ஏழாகவே அழுத்தினேன்.

நாலு தரம் அடித்தது.
ஒரு பெண் எடுத்தாள்.
பின்னால் குழாயில் தண்ணீர் ஓடியது.
பெயரைச் சொன்னேன், ஆள் எப்பிடி என்றேன்.
அவள் தண்ணீரை நிறுத்தினாள்.
பிறகும் பேசவில்லை.
நான் அவசரப்படுத்தவில்லை.