இரண்டு விரல் சரிவு

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.
வலப்பக்க ஓடு நீருக்கு மேலே
உலர்ந்து வெளுத்திருக்க,
இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து
ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது லோபியோ.
அடியில் கிடந்த இறாலை
நான்கு முறை குறிவைத்தது.
நான்கு முறையும் தண்ணீர் அதைத்
தக்கையாய் மேலே தள்ளிவிட்டது.
ஐந்தாம் முறை முயலவில்லை.

பத்தூமித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
பதினேழு வருடமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
கப்பல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பவள்.
சரக்கை மாற்றி அடுக்கு என்பேன்,
எதிர்ப்பக்கத் தொட்டியில் நீரேற்று என்பேன்.
உள்ளங்கை அகல ஆமைக்குள்
எதை எங்கே நகர்த்தச் சொல்வது?

மேல்மாடி மாணவன் நோதார்
இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போனது.
நான்கு வருடம் ஆகிறது.
பெயரும் அவன் வைத்ததுதான்.
எங்கள் ஊரில் பீன்ஸ் குழம்புக்கு அந்தப் பெயர்.

"கடலில் விடு, தானாகக் கற்றுக்கொள்ளும்"
என்றான் தங்கை கணவன் ஸூராப்,
என் ரொட்டியைத் தின்றபடி.
நன்னீர்ப் பிராணி என்றேன்.
ஆமைக்கு நீச்சல் தெரியாதாம் என்று சிரித்தான்.
எனக்கும் தெரியாது.
பிறந்ததிலிருந்து கருங்கடலைப் பார்க்கிறேன்,
இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை.
இதை அவனிடம் சொல்லவில்லை.

மருத்துவர் ஹாத்துனா எக்ஸ்ரே படத்தை
ஜன்னலில் தூக்கிக் காட்டினார்.
ஒரு நுரையீரல் கறுப்பு, அது காற்று.
மற்றது பனிமூட்டம்.
"ஆமைக்கு மூச்சுதான் மிதவை.
பாதி மூச்சு கனத்துவிட்டது, அவ்வளவுதான்."
அந்த 'அவ்வளவுதானை'
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
துண்டில் சுற்றிய லோபியோவோடு.

மூன்று நாளுக்கு ஓர் ஊசி. மொத்தம் பத்து.
தண்ணீர் ஓட்டின் உயரத்துக்கு மேல் வேண்டாம்,
கழுத்தை நீட்டினால் காற்று எட்ட வேண்டும்.
பாதி நாள் விளக்கடியில், உலர்ந்த கல்லில்.
காப்பித்தூள் நிறுக்கும் தராசில் எடை போட்டு
நாட்காட்டியில் குறித்தேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்று ஒன்பது. முந்நூற்று ஒன்பது.

இருபது டன் பெட்டியை
லாரியின் நான்கு முனைகளில் அலுங்காமல் இறக்கும் கை
முதல் ஊசிக்கு நடுங்கியது.
லோபியோ காலை உள்ளிழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டது.
மேஜையில் கன்னம் வைத்து
அதன் கண்மட்டத்தில் காத்திருந்தேன்.
இருபது நிமிடம்.
பிறகு ஒரு நகம் வந்தது. பிறகு இன்னொன்று.

பிப்ரவரிக் காற்று மின்கம்பியை அறுத்த இரவு
பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித்
தொட்டியைச் சுற்றி அடுக்கினேன்,
ஆற ஆற மாற்றினேன்.
எரிவாயு அடுப்பின் நீல வெளிச்சத்தில்
அதன் மூக்கில் ஒரு குமிழி
வந்து உடைந்தது, வந்து உடைந்தது.
அந்தக் கணக்கில்தான் நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்பது
விடிந்த பிறகே உறைத்தது.

எட்டாவது ஊசிக்குப் பின் சரிவு ஒரு விரல்.
பத்தும் முடிந்த ஐந்தாம் நாள்
தண்ணீரை ஒரு சாண் ஏற்றினேன்.
இறாலைப் போட்டுவிட்டு
பார்க்காதவள் போலப் பாத்திரம் கழுவினேன்.
கால்களை விரித்தது.
ஒரு முறை தடுமாறியது.
பிறகு, அவசரமே இல்லாமல்,
மூழ்கியது.

துறைமுகத்தில் சம்பளம் வாங்குகிற நான்
ஒன்று மூழ்கியதற்குச்
சோப்புக் கையோடு கைதட்டினேன்.

மேலே வரும்போது இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்தான்.
அது அப்படியே நின்றுவிடலாம் என்கிறார் ஹாத்துனா.
நிற்கட்டும்.
அது ஏறி வெயில் காயும் கல்லை
இரண்டு விரல்
இடப்பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.