கேட்காமல் வந்தவை

ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்திருந்தாராம்,
ஆட்டுத் தொடைக்கும் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவே.
குளிரில் பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம்.
துண்டில் சுற்றி யெர்கோ மார்தினிச்
அதை என் மேசையில் வைத்தபோது
ஹார்ட் டிஸ்க்கின் நெற்றியெல்லாம் வேர்வை.

"கம்பளிக் கிடங்கின் கணக்கு. பதினொரு வருஷம்.
வரிக்காரர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள்."
வேறொன்றும் சொல்லவில்லை.
புந்தா அரேனாஸில் காற்று எழும்பிய நாளில்
யாரும் வாசலில் நின்று பேசுவதில்லை.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன்.
மின்சாரம் கொடுத்ததும்
கட்டக். கட்டக். கட்டக்.
சாவியைத் தொலைத்தவன்
தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுகிற மாதிரி.

உள்ளே எதையும் தேடக் கூடாது.
முதலில் பிரதி.
சாகக் கிடப்பவனைக் குறுக்கு விசாரணை செய்யாதே,
சொல்வதை எழுதிக்கொள்.
நல்ல இடங்களை முதலில் வாங்கிக்கொண்டேன்.
அடம்பிடித்த இடங்களைத் தாண்டிப் போய்
கடைசியிலிருந்து திரும்பி வந்து கேட்டேன்.
முன்னால் வந்தால் தராததைச் சில சமயம்
பின்னால் வந்தால் தரும்.

ஐந்தாம் இரவு தட்டுவதும் நின்றது.
அதன்பிறகு கூரைத் தகரம் மட்டும்.

கிடைத்ததைப் பரப்பிப் பார்த்தேன்.
முதல் மூன்று வருஷம் முழுசாக.
இரண்டாயிரத்துப் பதினேழுக்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது,
திறந்தால் உள்ளே வெறும் பூஜ்யம்,
முத்திரை குத்தி வந்த காலி உறை.
இருபதில் ஆகஸ்ட் வரை ஆடுகள் ஒழுங்காக நிற்கின்றன,
செப்டம்பரில் ஒன்றுமில்லை.

அப்புறம் இவை.
பெயரில்லை, எண் மட்டும்.
என்றைக்கோ அழித்தவை.
நாற்பத்தொரு ஒலிப்பதிவுகள்.
பூட்டிக் காத்ததெல்லாம் கீறல் விழுந்த பக்கம் இருந்தது,
தூக்கி எறிந்ததெல்லாம் நல்ல நிலத்தில்.

திறக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.
மூன்று விநாடி கேட்பேன், அதற்கு மேல் இல்லை.
"நிவால்டோ, நான்தான்."
அடுத்தது.
"நிவால்டோ, நான்தான்."
அடுத்ததில் இருமல்.
ஒன்றில் கெட்டில் கொதிக்கிறது.
ஒன்றில் "நி" என்பதோடு கதவை அறைந்தது காற்று.
ஒன்றில் சிரித்துக்கொண்டே, "தம்பி."
பன்னிரண்டாவதில் பெயர்கூட இல்லை, மூச்சு.
நாற்பத்தொன்றையும் கூட்டினால்
இரண்டு நிமிடம் மூன்று விநாடி.
விதியை மீறவில்லை.
இருந்தும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கறந்த பால் மடியேறாது என்பார்கள்.
இங்கே ஏறிவிட்டது.
யாரிடம் போய்ச் சொல்வது?
சத்தமில்லாமல் அழித்துவிடலாம்.
அவர் அழித்ததுபோல அல்ல,
நான் அழித்தால் அழிந்ததுதான்.

செவ்வாய்க்கிழமை வந்தார்.
பட்டியலைக் கொடுத்தேன்.
பதினேழு இல்லை என்றதும் தலையாட்டினார்,
இருபது பாதி என்றதும் தலையாட்டினார்.
"இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் கேட்காதது."
"என்ன?"
"குரல்."

தொப்பியைக் கழற்றினார்.
மறுபடி போட்டுக்கொண்டார்.
சன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்கியது,
ஜலசந்தியின் அக்கரை அன்று தெரியவில்லை.

"எத்தனை?"
"நாற்பத்தொன்று."
"அவ்வளவா," என்றார்,
ஆடு எண்ணுகிறவர் பிசகியதுபோல.
பிறகு, "எது நீளம்?"
"இருபத்தேழாவது. ஒரு நிமிடம் நான்கு விநாடி."
"கேட்டீர்களா?"
"மூன்று விநாடி."
"அதை மட்டும் போடுங்கள்."

போட்டேன்.
என்ன பெயர் வைக்க என்றேன்.
எண்ணே இருக்கட்டும் என்றார்.
கணக்குக்கு மட்டும் பில் எழுதினேன்,
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு
காற்றுக்குத் தோளைக் கொடுத்தபடி இறங்கிப் போனார்.

மீதி நாற்பதும் என்னிடம்தான்.
பிரதிகள் முப்பது நாள் வைக்கப்படும் என்று
ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.
இன்றைக்குப் பதினாறாம் நாள்.