மூன்றாவது பெட்டி

ஹவ்லொக் வீதியில் மழை.
குளிரூட்டிய அறையில் மூன்று அட்டைப்பெட்டிகள்:
சிறந்தது, நடுத்தரம், தப்பிப் பிழைத்தது.
கடைசியை மட்டும் யாரோ வெட்டி
'குறைந்தபட்சம்' என்று திருத்தியிருந்தார்கள்.

நாங்கள் மூவர். சம்பளம் இல்லை.
சங்கம் தருவது மத்தியானச் சோறும் பஸ் காசும்.
சேனாதீர பாலங்கள்.
பௌசுல் அமீர் மின்சாரம், ஓய்வுபெறப் பதினொரு மாதம்.
நான் இந்த நகரத்தின் கழிவுநீர்.
அப்படித்தான் அறிமுகம் செய்தேன்,
பீடாதிபதி சிரிக்கவில்லை.

காலையில் ஆய்வுகூடம் காட்டினார்கள்.
இழுவிசைப் பொறிக்குப் புதுப் பச்சைப் பெயின்ட்.
அளவுத்திருத்த ஒட்டியில் முந்தாநாள் திகதி.
அமீர் தொட்டுப் பார்த்தார்,
விரலோடு கொஞ்சம் பச்சை வந்தது.
ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

பிறகு விரிவுரையாளர்களை வெளியே அனுப்பிவிட்டு
மாணவர்களோடு அரை மணித்தியாலம்.
யதுர்ஷன் எழும்பிக் கேட்டான்:
"நீங்கள் ஏலாதெண்டா, டோஹாவில
என்ர டிகிரி வெறும் கடதாசியோ மிஸ்?"
பன்னிரண்டு விளைபேறுகள், உடன்படிக்கை,
கைச்சாத்திட்ட நாடுகள் என்று தொடங்கி
பாதியில் நிறுத்தி
"ஓம்" என்றேன்.

மூன்றாவது பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன்.
ஏழாம் கேள்வி: ஆறு மீற்றர் பீம், சீரான சுமை,
நடுவில் எவ்வளவு தொய்யும்?
பெயரில்லாத, இலக்கம் மட்டும் உள்ள ஒரு பிள்ளை
நாலு மீற்றர் என்று கண்டிருக்கிறது.
நாலு மீற்றர்!
கூரை இறங்கிவந்து சாப்பாட்டு மேசையில் குந்தும்.
சிவப்பு மையில் முட்டை.
அதற்குக் கீழே பென்சிலில், சிங்களத்தில்:
இது நடக்காது.
எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன். நேரம் போதாது.

மூன்று தரம் வாசித்தேன்.

கணினி சொன்ன விட்டத்தை நம்பிக் குழாய் புதைத்து
வெள்ளவத்தையில் ஒரு தெருவையே
முழங்கால் தண்ணீரில் நிறுத்திய ஆளை எனக்குத் தெரியும்.
முதலாம் வகுப்பு. முதலாம் பெட்டியில் இருந்திருப்பார்.
அந்த வரைபடத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே
சரிபார்த்தவர் என்ற இடத்தில்
என் கையெழுத்து.

ஐந்தரைக்கு முடிவு.
ஐந்து வருடம் கேட்டார்கள். இரண்டு கொடுத்தோம்.
அளவுத்திருத்தம் முதலாம் நிபந்தனை.
தன் விடை பிழை என்று கண்டுகொள்ளும் பிள்ளைக்குப்
புள்ளி போடுங்கள் என்பதை
எந்தத் தலைப்பில் எழுதுவது?
படிவம் முழுக்கத் தேடினோம்.
"ஏனையவை" என்றார் சேனாதீர,
கண்ணாடியைத் துடைத்தபடி.
அங்கே எழுதினேன். இரண்டு வரிதான் இடம் இருந்தது.

வெளியே மழை விடவில்லை.
நூற்றி இருபதாம் பஸ்ஸுக்கு நிற்கையில்
வடிகால் மூடியொன்று துள்ளித் துள்ளித் தண்ணீர் கக்கியது.
எத்தனை அங்குலக் குழாய், எவ்வளவு மழை
என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.
வந்த விடை நம்பும்படி இல்லை.
பஸ் வந்தது. ஏறவில்லை.
திரும்பவும் முதலிலிருந்து போட்டேன்.