பத்தொன்பதாம் தட்டு

வால்திவியாவில் ஆறு நாளாக மழை.
மீன்சந்தைப் படிக்கட்டில் கடல்சிங்கங்கள் ஏறி
வெட்டிப்போட்ட தலைகளுக்குச் சண்டையிடுகின்றன.
மூன்றாம் மாடியில் நான், இரவுப்பணி,
பத்தொன்பதாம் தட்டுக்கு இரை வைக்கிறேன்.

கசகசாவிலும் சிறியவை,
கூழில் பதிந்த முப்பத்தோரு உருண்டைகள்.
ஒவ்வொன்றும் எர்னால்தோ கயுகேயோவின் ஈரல்.
ஊசியால் கிள்ளியெடுத்த ஒரு நூலிழையிலிருந்து
ஏழு வாரத்தில் வளர்ந்தவை.
அவர் பெயர் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
தட்டில் எண் மட்டும்தான்.

ஓசோர்னோ சாலையில் பேருந்து ஓட்டுகிறவர்.
நூற்றுப்பதினெட்டுக் கிலோ.
ஒரு சொட்டு மது தொட்டதில்லை.
ஸ்கேன் முடிவு வந்த அன்று
மைத்துனன் கண்ணடித்தானாம்.
மருந்துக்கடைக்காரி கேட்டாளாம்,
வாரத்துக்கு எத்தனை பாட்டில்?
மனைவி சுனில்தா எதுவும் கேட்கவில்லை,
போய் ஓட்டுநர் இருக்கைக்கடியில் தேடினாள்.
பாதி தின்ற ரொட்டி.
மூன்று சோடா மூடிகள்.

அவர் மரபணுவில் ஓரிடத்தில்
ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது.
கொழுப்பை உள்ளே வாங்கத் தெரிந்த ஈரலுக்கு
வெளியே விடத் தெரியவில்லை.
எழுத்துப்பிழை என்றேன் ஒருமுறை.
பிழை என்று எழுதாதே என்றார் டாக்டர் ஒயார்சூன்,
பஞ்சம் வந்த காலத்தில்
அதுதான் சரியான எழுத்தோ என்னவோ.

முதல் மருந்து பதினான்காம் தட்டில் பலித்தது.
லாங்கோ ஊர்த் தையற்காரியின் தட்டு.
சாயமிட்டுப் பார்த்தால்
எண்ணெய்த்துளிகள் ஒவ்வொன்றாய் அணைந்திருந்தன,
விடியலில் தெருவிளக்குகள் அணைவதுபோல.
அதே மருந்து, அதே அளவு
பத்தொன்பதில் ஒன்றுமில்லை.
இரண்டாவது மருந்து, ஒன்றுமில்லை.
மூன்றாவதில் ஆறு உருண்டைகள் செத்தன.

கல்லும் ஈரமும் ஒரே பெயரில் இருக்கும் உறுப்பு.
எது எப்போது மற்றதை வெல்லும் என்பது
ஆளுக்கு ஆள் வேறு.
இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை தட்டுகள்,
இத்தனை மின்கட்டணம்.

செவ்வாய்க்கிழமை அவரே வந்து நின்றார்.
தொப்பியில் மழை சொட்டியது.
விதிப்படி அனுமதியில்லை; விட்டேன்.
நுண்ணோக்கிமேல் குனிந்தபோது
வயிறு மேசையை அரையங்குலம் நகர்த்தியது.
வெகுநேரம் பார்த்தார்.
"இதுக்கு என்ன சாப்பாடு?"
சர்க்கரை, கொழுப்பு அமிலம், கொஞ்சம் இன்சுலின்.
கிட்டத்தட்ட உங்கள் சாப்பாடுதான் என்றேன்.
"பாதியாக் குடுங்களேன்."
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"என்னால முடியல.
அதாலயாவது முடியுதான்னு பாக்கலாம்."

பாதி இரை ஆய்வுத்திட்டத்தில் இல்லை.
ஆனாலும் நான்கு உருண்டைகளை
ஓரமாய் ஒதுக்கி, பென்சிலால் குறித்துவைத்தேன்.
பென்சில் என்பதால் அழித்துவிடலாம்.

இன்று நான்காம் இரவு.
இரண்டில் துளிகள் குறைந்திருக்கின்றன.
ஒன்று மாறவில்லை.
இன்னொன்றை எத்தனை முறை பார்த்தும்
என்னால் சொல்ல முடியவில்லை.
நான்கு ஓர் எண்ணிக்கையே அல்ல,
ஒயார்சூனிடம் சொன்னால் ஏசுவார்.

ஐந்தே முக்கால்.
பாலத்தில் ஓசோர்னோ பேருந்து
முகப்புவிளக்குடன் திரும்புகிறது.
அவர் வண்டியா, தெரியவில்லை;
எல்லாம் ஒரே நிறம்.
கையுறையை மாற்றிக்கொண்டு
பென்சிலைத் தேடுகிறேன்,
இன்னும் எட்டு உருண்டைகளைக் குறிக்க.