இரண்டாம் வாய்

எனக்கு நீந்தத் தெரியாது.
பஞ்சிகாவத்தையில் லேத் போட்டிருப்பவனுக்கு
அது ஒரு குறையும் இல்லை.

எழுபத்திரண்டு தை. கடல் படுத்துக் கிடந்த மாசம்.
கஸ்பார் மொறாயஸ் ஒரு சிலிண்டர் வால்வை
மேசையில் வைத்துவிட்டுக்
கனநேரம் பேசாமல் நின்றார்.
பிறகு,
"இதில் இன்னொரு வாசல் வெட்டலாமா?"

துறைமுகத்துக்கு வெளியே
மூழ்கிய கப்பலொன்றின் அடியறை.
கூரை போட்ட தண்ணீர்.
மேலே போகலாமென்றால் மேலே என்று ஒன்றில்லை,
வந்த வழியே திரும்ப வேண்டும்,
வந்த வழியோ துருக்கலங்கல்.
அங்கே வைத்துப் பெர்டினண்ட்ஸின் குழாய் வெடித்திருக்கிறது.

ஒரு வாய் இவர், ஒரு வாய் அவர்.
ஒற்றைக் கோப்பைத் தேத்தண்ணியைப் போல
ஒரு ரப்பர் கைமாறிக் கைமாறி
பதினொரு தரம்.
பன்னிரண்டாவது பெர்டினண்ட்ஸின் முறை.
"குடுத்தனான்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"குடுத்திருப்பன்" என்றார்.

நான் லேத்தைப் போட்டேன்,
சத்தத்துக்காக.

முதல் துண்டு வாளித் தண்ணீரில் கசிந்தது,
கொத்தமல்லி விதையளவு குமிழ்கள்.
இரண்டாவதில் புரி வழுக்கியது.
மூன்றாவது பித்தளை பிடித்தது.

பக்கத்துக் கடை வஹாப் எட்டிப் பார்த்தான்:
"ரெண்டு வாய் வெச்சா காத்து ரெண்டு மடங்காகுமா?"
இல்லை. அதே காற்றுத்தான்.
இரண்டு பேர் இழுத்தால் கெதியாய்த் தீரும்.
"அப்ப என்னத்துக்கு?"
புரியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகொரு நாள் பழைய சஞ்சிகையொன்றைக் கொண்டுவந்தார்.
எங்கோ குகைகளுக்குள் நீந்துகிறவர்கள்
இதே வாசலை எங்களுக்கு முன்பே வெட்டியிருந்தார்கள்.
படத்தில் இருந்தது என்னுடையதைவிட வடிவு.
ஒரு குழாயை ஏழடிக்கு நீட்டியுமிருந்தார்கள்,
ஒடுங்கிய வழியில் முன்னும் பின்னுமாய் வர.
அந்த நீளம் எங்களுக்குத் தோன்றவேயில்லை.

ஒவ்வொரு சித்திரையும் கடல் முறுகத் தொடங்க
வாஷர் மாற்ற வருவார்.
முதல் ரப்பரில் அவருடைய பல் ஆழப் பதிந்திருக்கும்.
சைக்கிள் டியூப் வளையத்தில் கழுத்தில் தொங்கும் இரண்டாவதை
விரலால் தடவிப் பார்ப்பேன்.
வழவழவென்று,
கடையில் வாங்கியபடி.

எழுபத்தெட்டில்
அதில் ஒரு தடம் இருந்தது.
சின்னப் பற்கள்,
நன்றாக இறுக்கிக் கடித்திருக்கிறது.

யாரென்று நான் கேட்கவில்லை.
வாஷரை மட்டும் மாற்றினேன்.