கொண்டு வந்தவர்

அம்பாசமுத்திரத்தில் கூட்டுறவுச் சங்கத்தின்
பழைய உரக் கிடங்குதான் எங்கள் அருங்காட்சியகம்.
மழை பெய்தால் இன்னும் யூரியா வாடை வரும்.
வெள்ளம் வந்து நின்ற மட்டத்தில்
ஒரு சேற்றுக் கோடு சுவரைச் சுற்றி ஓடுகிறது.
வெள்ளையடிக்க வந்தவரிடம்
அதை மட்டும் விட்டுவிடச் சொன்னோம்.
வருகிறவர்கள் முதலில் அதனருகில் போய்
இடுப்பா நெஞ்சா என்று நின்று பார்க்கிறார்கள்.

சீட்டு எழுதுவது என் வேலை.
பெயர். கிடைத்த இடம். தேதி. கொண்டு வந்தவர்.
நாலு வரி, கறுப்பு மை.

உங்களிடம் இருப்பதைக் கொண்டு வாருங்கள் என்று
தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்திருந்தோம்.
பேராச்சி வயலில் பொறுக்கிய நத்தை ஓடுகளை
ரேஷன் பையோடு கொண்டுவந்து கொட்டினாள்,
பையை உதறித் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
ஒன்பதாம் வகுப்பு ஜெபக்கனி
மோட்டார் அறையில் நல்ல பாம்பு கழற்றிய சட்டையை
தலை முதல் வால் வரை கிழியாமல்
ஜவுளிக்கடை அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தாள்.
ஒருவர் தன் பித்தப்பைக் கல்லைக் கொடுத்தார்.
இதுவும் இயற்கைதானே என்றார்.
பதில் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்,
கல் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு நாள் வெளிச்சம் வருமுன்
பாபநாசம் போகிற முதல் பஸ்
நிறுத்தமே இல்லாத எங்கள் வாசலில் நின்றது.
ஓட்டுநர் பலவேசம் பனியனோடு இறங்கினார்.
காக்கிச் சட்டை கையில், பொதியாக.
உள்ளே நீர்நாய்.
மீசையில் ஆற்று ஈரம் காயவில்லை.
'குறுக்க வந்துட்டு வே. பிரேக்கப் பிடிச்சேன். பிடிச்சேன்.'
பஸ்ஸுக்குள்ளிருந்து
நேரமாச்சு என்று ஒருவரும் குரல் கொடுக்கவில்லை.

வனச்சரகர் வந்தார், பார்த்தார், எழுதினார்.
கடிதம் மேலே போய் அனுமதியாகத் திரும்ப
பதினேழு நாள்.
அதுவரை ஆற்று மீன் விற்கிற பீர்மைதீனின் ஐஸ் பெட்டியில்
சிலேபிக்குப் பக்கத்தில் கிடந்தது.
'எம் வலையக் கிழிச்சே சீவிச்ச பய இவன்'
என்று திட்டிக்கொண்டே தினமும் ஐஸ் மாற்றினார்.
கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது
அவரும் குனிந்தார்.
நண்டு ஓடு, கொஞ்சம் முள்.
'இது பாறைக்கடியில கெடக்க சாதி, வலையில விழாது'
என்றபோது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

எலும்பைக் கழுவிக் கோத்துக்
கண்ணாடிக்குள் நிறுத்துவதற்குள் தை பிறந்தது.
பலவேசத்தை வரச் சொல்லி எழுத உட்கார்ந்தேன்.
பெயர்: நீர்நாய்.
இடம்: கல்லிடைக்குறிச்சி ஆற்றுப்பாலம் இறக்கம்.
கொண்டு வந்தவர், என்னும்போது
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
'கொண்டு வந்தது பொறவு.
அடிச்சவர்னு போடும்.'
அப்படி ஒரு வரி சீட்டில் கிடையாது.
'போடும் வே.'
பிள்ளைகள் வருகிற இடம் என்றேன்.
'எம் பிள்ளையும் வருவா.'

போட்டேன்.
அடித்தவர்: ப. பலவேசம், ஓட்டுநர். காலை 4.50.
அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு
டூட்டிக்குப் போனார்.

மாசியில் பேராச்சி வந்தாள்.
நீர்நாய்ப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.
பிறகு தன் நத்தைகளுக்குப் போனாள்.
'பொறுக்கினதுன்னு எழுதியிருக்கீரு.
மருந்தடிச்ச மறுநா
வரப்பு முச்சூடும் செத்துக் கெடந்துச்சு, அதப் பொறுக்குனேன்.
மருந்து பேரு வேணும்னா டப்பா வீட்ல கெடக்கு.'

டப்பாவையும் கொண்டுவரச் சொன்னேன்.

அச்சகத்தில் புது அட்டை கேட்டிருக்கிறேன்,
பழையதைப் போல இரண்டு மடங்கு.
எத்தனை கோடு போடணும் என்று போன் வந்தது.
கோடு வேண்டாம்,
வெறும் அட்டையாகக் கொடுங்கள் என்றேன்.